வந்ததும் பார்க்கலாம்

மனைவி கிளம்பும்போது "போறேன்" என்றாள். அவ்வளவுதான். கதவு சாத்திக்கொண்டது.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கினார். கல்யாணமான நாள் முதல், பால் வாங்கப் போனாலும் சரி, கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்கே போனாலும் சரி, "போயிட்டு வர்றேன்" என்று சொல்லாமல் அவள் படி இறங்கியதில்லை. கோபமாக இருந்தால் அந்த "வர்றேன்" கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு வரும். ஆனால் வரும்.

அவரை உலுக்கியது அதுகூட இல்லை. அந்தச் சொல்லைச் சற்று முன்புதான் அவர் வெட்டியிருந்தார்.

ஊருக்கெல்லாம் பார்வை கொடுத்தது போதும், இலக்கியத்துக்கும் கொஞ்சம் கொடுப்போம் என்று நாவல் வகுப்பில் சேர்ந்திருந்தார். திரையில் வந்து பாடம் நடத்தும் வாத்தியார், முதல் அத்தியாயத்தில் யாராவது வீட்டை விட்டுக் கிளம்பினால்தான் கதை நகரும் என்றார். ஆளின் முகத்தை உடனே காட்டிவிடாதீர்கள், வாசகர் ஏங்கட்டும் என்றார். "வசனத்துல ஒரு சொல்லு சும்மா உக்காந்திருந்தா, எழுப்பி வெளிய அனுப்பிடுங்க." கடைக்காரரின் கற்பனைக்கோ கிட்டப்பார்வை. கண்ணெதிரே இருந்தவளையே தூக்கிக் கதைக்குள் போட்டுவிட்டார். மழை பெய்யும் மாலை. பச்சைக் குடை. மூக்கில் நிற்காமல் நழுவும் கண்ணாடி. முகம் கிடையாது. வாசலில் ஒரே வசனம், அதிலும் "வர்றேன்" வெட்டப்பட்டு: போறேன்.

அக்கா வீட்டுக்குக் கிளம்புமுன் அவள் நிஜமாகவே கண்ணாடியைக் கழற்றி நீட்டியிருந்தாள். எத்தனை மாதமாகச் சொல்கிறேன், ஒரு ஸ்க்ரூவை முறுக்க இத்தனை பிகுவா என்று கேட்டிருந்தாள். அவர் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல், "வந்ததும் பாக்கலாம்" என்றார்.

"கதையில வர்றவளுக்காவது சரி பண்ணிக் குடுங்க" என்று சொல்லி அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

இப்போது லிஃப்ட் முனகிக்கொண்டே இறங்குவதும், கீழே அதன் கதவு தகரத் தட்டைத் தேய்ப்பதுபோல் திறப்பதும், பிறகு மழை மட்டும் மிஞ்சுவதும் கேட்டன. அவர் பால்கனிக்குப் போனார். நனைந்த சிமெண்ட் வாடை. சாக்கடை மூடியைச் சுற்றிச் சுழலும் தண்ணீர். தெருவிளக்கின் அடியில் இன்னும் முழுசாக இருட்டாத, சாம்பல் கரைத்த மாதிரியான வெளிச்சம். வெளியே போக ஒரே கேட்தான். பச்சைக் குடை வரவில்லை. குனிந்து காவலாளியிடம் கேட்டார். லிஃப்ட் வந்தது, திறந்தது, யாரும் இறங்கவில்லை சார் என்று பதில் வந்தது.

அவளுக்குப் போன் போட்டார். எடுக்கப்பட்டது. மறுமுனையில் மூச்சு இல்லை. மழைகூட இல்லை. எழுதாத தாளுக்கு ஒரு சத்தம் இருந்தால் அப்படித்தான் இருக்கும்.

பைத்தியக்காரா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டே கணினிக்கு ஓடினார். "போறேன்" என்பதை அழித்து, "போயிட்டு வர்றேன்" என்று அடித்தார். மனசு கேட்காமல், கண்ணாடி நழுவும் வரியையும் மாற்றினார். கண்ணாடி இம்மியும் அசையாமல் நின்றது என்று எழுதினார்.

போனில் அவள் குரல். "வர்றேன்."

நாற்காலியில் சாய்ந்துகொண்டார். சிரிப்புக்கூட வந்தது. மேஜை இழுப்பறையைத் திறந்து, கடையிலிருந்து கொண்டுவந்த சின்ன திருப்புளியை எடுத்து வைத்துக்கொண்டார். வரட்டும். வந்ததும் முதல் வேலை அதுதான்.

லிஃப்ட் ஏறத் தொடங்கியது.

காத்திருந்த நேரத்தில் எழுதியதை ஒருமுறை படித்தார். மழை. குடை. கண்ணாடி. வசனம்.

முகம் இல்லை.

விரல்கள் பாய்ந்தன. அவள் மூக்கு, என்று அடித்தார். நின்றார். கூரான மூக்கா? சப்பையா? வருகிறவர் போகிறவர் மூக்கையெல்லாம் அளந்தவர். மச்சம் ஒன்று உண்டே. கன்னத்திலா? தாடையிலா? கடைசியாக எப்போது நிமிர்ந்து பார்த்தார்?

முதல் மாடி.

சுவரில் கல்யாணப் படம் இருந்தது. திரும்பினார். படத்தில் அவர் இருந்தார். மாலையோடு. பக்கத்தில் இன்னொரு மாலை. அதற்கு மேலே ஒரு கண்ணாடி.

இரண்டாம் மாடி.

உதடு. புருவம். எதுவும் வரவில்லை. கர்சர் மட்டும் துடித்தது.

லிஃப்ட் நின்றது. ஈரச் செருப்பின் சத்தம். சளக். சளக். பூட்டில் சாவி திரும்பியது. அவள் சாவிதான். குடையை உதறும் சத்தமும் அவளுடையதுதான், வலப்பக்கம் இரண்டு உதறு.

அவர் தலை நிமிரவில்லை. திருப்புளியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

செருப்பு அவர் அருகில் வந்து நின்றது. அவள் குனிந்தாள். பழகிய சோப்பு வாசனை, ஈர முடியிலிருந்து ஒரு சொட்டு அவர் புறங்கையில்.

"வந்துட்டேங்க" என்றாள், ஆசையாக. "பாருங்க."

பார்த்தார்.

கண்ணாடி இம்மியும் அசையாமல் நின்றது. அதற்குப் பின்னால், நெற்றியிலிருந்து தாடைவரை, ஒன்றும் எழுதப்படாத தோல்.