ஆயிரம் ஓம்

வீட்டில் எல்லாச் சுவிட்சுகளும் அணைந்திருந்தன. குளிர்பெட்டியின் பிளக்கைக்கூடக் கால்வின் தன் கையாலேயே பிடுங்கி வைத்திருந்தான். ஆனாலும், மின்பெட்டியின் பிரதான ஒயரைக் கவ்வியிருந்த கிளாம்ப் மீட்டர் பூஜ்யம் காட்டவில்லை.

0.24 ஆம்பியர்.

மீட்டரைக் கழற்றித் தட்டிவிட்டு மறுபடியும் மாட்டினான். அதே எண்தான்.

செடெனாக் ஊரில் பெய்த மழை சாயங்காலத்திலேயே இருட்டைக் கொண்டுவந்திருந்தது. புதுச் சுவரின் சாய வாடையும், பிரிக்காத சோபாவைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கின் வாடையும், நாளைய விழாவுக்காக நண்பனின் மனைவி அபிகெயில் வாளியில் ஊறப்போட்டிருந்த ரோஜாக்களின் ஈர வாசமும் ஒன்றாய்க் கலந்து, இன்னும் யாரும் குடிவராத அந்த வீட்டை யாரோ வெகுநாளாய் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும் அறைபோல ஆக்கியிருந்தன.

வீடு டெஸ்மண்டுடையது. சாஆ என்னும் ஊர்த் தோட்டத்தில் ஒரே தொழிலாளர் லயத்தில் வளர்ந்து, ஒரே பயிற்சிக்கூடத்தில் ஒயரிங் படித்தவர்கள் இருவரும். டெஸ்மண்ட் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். கால்வின் மோட்டார் சைக்கிளில் ஏணியைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றினான். நாளைக் காலை பாதர் வந்து இந்த மாடிவீட்டை மந்திரிக்கப்போகிறார்.

"கான்ட்ராக்டர் செஞ்ச வேலைய நம்ப முடியலடா. ஒன் கை பட்டாதான் எனக்கு நிம்மதி" என்று சொல்லிவிட்டு, மனைவி அபிகெயிலையும் மகள் ஸ்டெஃபனியையும் கூட்டிக்கொண்டு விருந்துச் சாமான் வாங்கப் போயிருந்தான் டெஸ்மண்ட்.

கால்வின் மதியமே கோளாறைக் கண்டுபிடித்துவிட்டான். மாடிக் குளியலறையின் சுடுநீர்ப் பெட்டிக்கு எர்த் ஒயர் கொடுக்கவே இல்லை. கசிவு வந்தால் தானாக விழவேண்டிய டிரிப் சுவிட்சோ சோதனைப் பொத்தானை அழுத்தியும் அசையவில்லை. யாரிடமும் சொல்லவேண்டாம் என்று முடிவுசெய்தான். நாளை விருந்தாளிகள் நடுவே யாருக்காவது குழாயில் சுரீரென்று ஒன்று இழுக்கட்டும். சின்ன ஷாக்தானே. இவ்வளவு பெரிய வீட்டுக்கு அந்தச் சின்னக் கறையாவது இருக்கட்டும். நெஞ்சில் அப்படி ஒரு சுகம் ஊறியபோது, அது என்ன சுகம் என்று அவன் தன்னையே கேட்டுப் பார்க்கவில்லை.

இப்போது இந்த எண்.

மீட்டரின் கம்பிகளை வைத்து மின்னழுத்தத்தை அளந்தான். இருநூற்று நாற்பது வோல்ட். அழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் சக்தி: ஐம்பத்தேழு புள்ளி ஆறு வாட். பழைய குண்டு பல்பு ஒன்றின் சூடு. இந்த வீட்டில் அப்படிப்பட்ட பல்பே கிடையாது. அழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் தடை.

ஆயிரம் ஓம்.

மின்பெட்டியின் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக இறக்கினான். சுடுநீர்ப் பெட்டிக்குரியதை இறக்கியதும் எண் பூஜ்யமாயிற்று. ஏற்றினான். திரும்பி வந்தது.

மாடிக்குப் போனான். குளியலறைத் தரை காய்ந்திருந்தது. சுடுநீர்ப் பெட்டியின் விளக்கு எரியவில்லை. பளபளக்கும் குழாயின் கைப்பிடியில் மட்டும் ஈரமாய் ஐந்து விரல்கள் பதிந்திருந்தன. சட்டை நுனியால் துடைத்தான். கண்ணெதிரே மெல்லப் பூத்து, அந்த விரல்கள் மறுபடியும் வந்தன.

முடி பொசுங்கும் வாடை.

படிகளில் தடதடவென்று இறங்கும்போதுதான் பயிற்சிக்கூடத்தில் வாத்தியார் கரும்பலகையைத் தட்டிச் சொன்னது ஞாபகம் வந்தது. தண்ணீரில் நனைந்த மனுஷ உடம்புக்கு ஏறக்குறைய ஆயிரம் ஓம், தம்பிகளா.

மீட்டரில் எண் நடுங்கிக்கொண்டிருந்தது. 0.23. 0.24. 0.23. மூச்சுபோல.

போனை எடுத்து டெஸ்மண்டை அழைத்தான். சொல்லிவிட வேண்டியதுதான். அந்தக் குழாயைத் தொடாதீங்க. ஒரே ஒரு வாக்கியம்.

"டேய் கால்வின்! வந்துட்டோம்லா, முக்குல ஜாம். ஒனக்கு மீ கோரேங் வாங்கிருக்கேன், காரம் கூடப் போட்டு."

"டெஸ்மண்ட், இங்க வந்து..."

"இருடா, நான் மொதல்ல சொல்லிடுறேன். என்னை சூப்பர்வைசரா போட்டுட்டாங்க! இப்பத்தான் மெசேஜ் வந்துச்சு. வீட்டு ஆளுங்கள விட்டா ஒனக்குத்தான் மொதல்ல சொல்றேன்." பின்னால் அபிகெயிலும் குழந்தையும் கைதட்டும் சத்தம். "சரி, நீ சொல்லு. எல்லாம் ஓகேவா?"

பிரிக்காத சோபாவையும் புதுச் சுவரையும் ஒருமுறை பார்த்தான்.

"எல்லாம் சரிதான்" என்றான் கால்வின்.

போன் அணைந்தது.

மாடியில் குழாய் தானாகத் திறந்துகொண்டது.

பிரதான சுவிட்சை இறக்கினான். எண் போகவில்லை. ஒயரிலிருந்து மீட்டரை உருவினான். வாயில் எதையும் கவ்வாத மீட்டர், அப்போதும் 0.24.

தூக்கி எறியப் பார்த்தான்.

விரல்கள் திறக்கவில்லை.

உள்ளங்கையிலிருந்து தோள்வரை இறுகியது. தாடை இறுகியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மாடிப்படியில் தண்ணீர் வழிந்து வந்தது. கால்களைச் சுற்றி நின்றது. வெதுவெதுப்பாக.

வெளியே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம்.

கர்த்தாவே. சொல்லிடுறேன். இப்பவே சொல்லிடுறேன்.

வாய் திறக்கவில்லை.

"கால்வின், ஏன்டா இருட்டுல நிக்கிற?" மழையில் நனைந்த டெஸ்மண்ட் வாசலில் நின்றான். நண்பனின் முகத்தைப் பார்த்தான். "அலமாக்! டேய், என்னடா ஆச்சு?"

தொடாதே.

கால்வின் கண்களால் கெஞ்சினான். கண்ணீர் வழிந்தது. அதைப் பார்த்து டெஸ்மண்ட் இன்னும் வேகமாய் ஓடிவந்தான். கஷ்டத்தில் இருப்பவனைத் தொடாமல் நிற்கத் தெரியாதவன் அவன்.

ஈரக் கை கால்வினின் தோளில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே இறுகியது.

இரண்டு உடம்பு பக்கம்பக்கமாய்ச் சேர்ந்தால் தடை பாதி, மின்னோட்டம் இரட்டிப்பு.

0.48.

வாசலில் அபிகெயில் பைகளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவள் பின்னால், அம்மாவின் பாவாடையை எட்டிப் பிடித்தபடி, ஸ்டெஃபனி.