இருக்கச் சொன்னவள்

சமையலறையில் கிடக்க வேண்டிய ஸ்டூல் குளியலறைக் குழாய்க்கு முன்னால் கிடந்தது. காலையிலேயே ஹேமலதா அதை எடுத்துச் சமையலறையில் போட்டிருந்தாள்; மறுபடி இங்கே வந்திருந்தது. கணவன் அன்பழகன் வேலைக்குப் போய்விட்டான். முதலியார்பேட்டையின் அந்த மாடி வீட்டில் வேறு யாருமில்லை. குழாயை எட்ட அவளுக்கு ஸ்டூல் தேவையுமில்லை. அதன் மேல் ஈரம் இருந்தது.

வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் போய் ஃபேன் சுற்றி ஓய்ந்ததும், தெருவில் ஆட்டோக்கள் தண்ணீரை வாரியிறைத்துப் போகும் சத்தத்துக்கு அடியில், பின்னறையில் யாரோ துணி பிழிவதுபோலச் சொட்டுச் சொட்டாக ஒரு சத்தம் கேட்டது. கூடவே ஒரு வாடை. உப்பும் கருவாடும் ஊறிய சுவரின் வாடை. கடலோரத்துப் பிள்ளைச்சாவடியில் அக்கா சிவசங்கரியின் வீட்டு வாடை.

அந்த வீட்டைக் கடல் அரித்துத் தின்றுவிட்டது. ஒரு புயல் மழையில் சுவரோடு அக்காவும் போனாள்; உடல் கிடைக்கவில்லை. தப்பிய மகள் தர்ஷினியை உறவுக்காரர்கள் இங்கேதான் அழைத்து வந்தார்கள். ஹேமலதாவுக்கு அப்போது கல்யாணம் ஆன புதுசு. "இப்ப முடியாது. கொஞ்ச நாள் போவட்டும், கூட்டிக்கிறேன்" என்றாள். பிள்ளையை ஒரு விடுதியில் சேர்த்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு அங்கேயே இறந்துபோனாள். அதன்பின் ஹேமலதா அந்த ஒரு பதிலை மட்டும் மனசுக்குள் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

பின்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, இருட்டில், சின்னதாக ஏதோ குந்தியிருந்தது.

"சித்தி."

ஹேமலதா கதவை இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.

"நான் இங்கயே இருக்கட்டுமா?"

ஓடியிருக்கலாம். கால்கள் வாசல் பக்கம் திரும்பியும்விட்டன. ஆனால் அது அன்றைக்கு இதே வீட்டில் இதையே கேட்ட தர்ஷினியின் குரல். கெஞ்சாமல், பதிலுக்குக் காத்திருக்கிற குரல். இன்னொரு தரம் முடியாது என்று சொல்ல அவளால் ஆகாது.

"இரு கண்ணு. சித்தி உன்ன எங்கயும் அனுப்ப மாட்டேன்."

மண்டியிட்டுக் கை நீட்டினாள். சில்லென்ற விரல்கள் உள்ளங்கைக்குள் வந்து அடங்கின. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பயம் விலகியது. ஒரு கணம்தான்.

பிள்ளை அவள் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அம்மா, மேல வா. சித்தி சரின்னுட்டாங்க."

கீழே இரும்புக் கேட் திறந்தது.

படியில் ஒரு காலடி. கனமாக. இன்னொன்று. நடுவே எதுவோ இழுபடும் சத்தம். மணல் உதிரும் சத்தம்.

ஹேமலதா கையை உருவப் பார்த்தாள். வரவில்லை.

காலடிகள் வாசலில் நின்றன. கதவு தாழிட்டிருந்தது. அதன் அடியிடுக்கு வழியே கருத்த தண்ணீர் கூடத்துத் தரையில் பரவியது. தண்ணீரின் மேல் நீளமான கூந்தல், கொத்துக் கொத்தாக, உள்ளே வந்துகொண்டே இருந்தது.