மிச்சமிருந்த பூட்டு

விஸ்வகர்மா பூஜைக்கு மறுநாள் பிற்பகல், தொட்டிக்குள் இறங்கிய மூன்று பேரும் மேலே ஏறி வந்து அவரவர் பூட்டைக் கழற்றிய பிறகும், கொக்கியில் ஒரு பூட்டு மிச்சமிருந்தது.

வெங்கடநாராயணன் அதைப் பார்த்துவிட்டு முதலில், தன்னோடு இறங்கிய உதவியாள் மருதமுத்துவைத்தான் முறைத்தார். கல்கத்தா டல்ஹவுசிக்குப் பின்னாலிருந்த அந்தப் பழைய அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் சில்லர்களைப் பராமரிப்பது அவர் பொறுப்பு. மாடிகளையெல்லாம் குளிர்விக்கிற தண்ணீர் அங்கே குளிர்ந்து, தரைக்குக் கீழிருந்த கான்கிரீட் தொட்டியில் சேர்ந்து, பம்ப் வழியாக மேலே ஏறும். வருடத்துக்கு ஒரு தடவை தொட்டியை வடித்து, ஆள் இறங்கிப் பாசியைச் சுரண்ட வேண்டும். இறங்குகிறவன் தன் பூட்டைத் தானே, தொட்டியை மறுபடி நிரப்பும் பம்பின் சுவிட்சுக் கொக்கியில் மாட்டி, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்வான். ஏறி வந்ததும் தானே கழற்றுவான். ஒரு பூட்டு இருந்தாலும் சுவிட்ச் அசையாது. பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று பொருள். கல்கத்தாவில் பல இடங்களில் கயிற்றையும் காகிதத்தையும் கட்டிவைத்துக் காலம் ஓட்டிக்கொண்டிருந்த நாளில், இந்த முறையை அடம்பிடித்துக் கொண்டுவந்தவரே அவர்தான்.

மருதமுத்து தன் பூட்டைக் காட்டினான். இன்னொரு உதவியாள் இஸ்மாயிலும் காட்டினார். வெங்கடநாராயணனின் பூட்டு அவர் கையிலேயே இருந்தது. முந்தின நாள் எல்லாப் பூட்டுகளும் ஸ்பேனர்களோடு சேர்ந்து விஸ்வகர்மா சிலைக்கு முன்னால் தாம்பாளத்தில் கிடந்தவை. ஒவ்வொன்றிலும் சிந்தூரப் பொட்டு இன்னும் அழியாமல் இருந்தது. மிச்சமிருந்த பூட்டில் பொட்டில்லை. பெயர் எழுதிய அட்டையும் இல்லை. தொட்டுப் பார்த்தபோது ஐஸ் போலச் சில்லிட்டது, அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பூஜையன்று வெளியில் இல்லாத பூட்டு எங்கே இருந்தது என்ற கேள்வி அவருக்குள் எழுந்தது.

மேலேயிருந்து மேனேஜர் ஏற்கெனவே இரண்டு முறை போன் செய்துவிட்டார். கம்ப்யூட்டர் ஹால் கொதிக்கிறது, சாயங்காலத்துக்குள் குளிர் வராவிட்டால் மெஷின்களை நிறுத்த வேண்டியிருக்கும் என்று புலம்பினார். இஸ்மாயிலோ பூட்டை விட்டுத் தள்ளியே நின்றார். ஆள் உள்ளே இருந்தால் என்ன செய்வது, ஒருதரம் இறங்கிப் பார்த்துவிடலாம் என்று தன் பிஹார் இந்தியில் சொன்னார். மேன்ஹோல் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஈரத் தரைதான் தெரிந்தது. தொட்டியின் நடுவே ஒரு தடுப்புச் சுவர் உண்டு, அதற்கப்பால் இருக்கும் பாதி மேலிருந்து தெரியாது.

மருதமுத்து ஆக்ஸா பிளேடை எடுத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தான். "சார், யாரு பூட்டு இது?"

வெங்கடநாராயணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "யாருதும் இல்லப்பா. அறுத்துப் போடு."

அறுக்கிற சத்தம் அவர் பல்லைக் கூசவைத்தது. தன் கையாலேயே தன் சட்டத்தை உடைக்கிறோமே என்று மனசு குத்தியது. துண்டான பூட்டு தரையில் விழுந்தபோது, மேலேயிருந்து, கரைக்கப் போகும் சிலையை லாரியில் ஏற்ற ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். இருவரையும் அவரே அனுப்பிவைத்தார். வெளியே லாரி நின்ற சாய்தளத்தில் தாக் மேளம் ஆரம்பித்தது. சுவிட்சைப் போட அவருக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை.

கைப்பிடியில் கை வைத்தார். அப்போதுதான் காலடியில் அந்தச் சத்தம் கேட்டது.

தட்டும் சத்தம். முதலில் குழாயில் அடைபட்ட காற்று என்று நினைத்தார், பிறகு மேளத்தின் அதிர்வு என்று நினைத்தார், ஆனால் மேளம் ஒரு கணம் ஓய்ந்து மறுபடி எழுந்த இடைவெளியிலும் அது தனியாகக் கேட்டது, வெகுநேரம் தட்டிக் களைத்துப்போன ஒருவன் வேறு வழி தெரியாமல் இன்னும் தட்டுவதுபோல, சீராக, அவசரமில்லாமல். இன்னும் ஒரு நொடியில் ஓர் உயிரை மூழ்கடித்திருப்போம் என்ற நினைப்பில் கைப்பிடியை விட்டுவிட்டார்.

இறங்குகிறபோது மேலே ஓர் ஆள் காவல் நிற்க வேண்டும், அதுவும் அவர் போட்ட சட்டம்தான். சாய்தளத்துக்கு ஓடிப்போய் இஸ்மாயிலைக் கூப்பிடலாம். கூப்பிட்டு, உள்ளே யாருமில்லை என்றால் சாருக்குப் பூட்டைப் பார்த்தே பயம் என்று மருதமுத்து ஒரு வருஷத்துக்குச் சொல்லிச் சிரிப்பான். யாராவது இருந்தால், கூப்பிடப் போகிற நேரத்தில் அவன் செத்துப்போவான். அவர் தன் புகைப்படம் ஒட்டிய அட்டையோடு தன் பூட்டைக் கொக்கியில் மாட்டினார். சாவியைப் பையில் போட்டார். இது போதும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, மூடியைத் தள்ளிவிட்டு இறங்கினார்.

உள்ளே பாசி வாடையும் ஈரச் சிமெண்ட் வாடையும் மூக்கை அடைத்தன. கூரை தலையைத் தொடுகிற உயரம், காலுக்கடியில் வழுக்கும் சேறு, மேலேயிருந்த மேளம் சுவர்களுக்குள் புகுந்து எந்தத் திசையில் கேட்கிறதென்று தெரியாமல் சுற்றிச்சுற்றி வந்தது, காலையில் மூன்று பேர் பேசிச் சிரித்துக்கொண்டே தேய்த்த அதே இடம் இப்போது வேறு யாருடைய இடமோ போல இருந்தது. "கே ஆச்சே?" என்று வங்காளத்தில் கேட்டார். பிறகு தமிழில், "யாரு உள்ள?" என்றும் கேட்டார். தட்டும் சத்தம் நின்றிருந்தது.

தடுப்புச் சுவரின் சந்துக்குள் உடம்பை ஒருக்களித்து நுழைந்தார். அப்பால் டார்ச்சைச் சுழற்றினார். நான்கு சுவர்கள். வடிகால் குழி. யாருமில்லை. அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. டாக்குரியாவிலிருக்கும் வீட்டுக்குப் போகிற ரயிலைப் பிடித்து, சூடாக ஒரு காபி குடித்துவிட்டு, மனைவி பாகீரதியிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார்.

மேலே மருதமுத்துவின் குரல் கேட்டது. "சார், இன்னொரு பூட்டு மிச்சம் இருக்கே."

"அது என்னுதுப்பா, நான் உள்ள இருக்கேன்" என்று கத்தினார். மேளம் அதை விழுங்கியது.

"யாரு பூட்டு சார் இது?"

யாரைக் கேட்கிறான்?

மேலே ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "யாருதும் இல்லப்பா. அறுத்துப் போடு."

அது அவருடைய குரல்.

ஆக்ஸா பிளேடு இரும்பில் ஏறி இறங்கியது. சந்தில் பாய்ந்தபோது தோள் சிக்கியது. சட்டை கிழிந்தது. இழுத்துக்கொண்டு விழுந்தார். டார்ச் சேற்றில் அணைந்தது. தூரத்தில் மேன்ஹோல் வெளிச்சம் மட்டும். அங்கே இஸ்மாயில் கெஞ்சுவது கேட்டது. ஒருதரம் பார்த்துவிடுங்கள் சாப், உங்கள் குழந்தைகள்மேல் ஆணை, ஒரே ஒருதரம்.

நல்ல மனிதர். அவர் இஸ்மாயிலை அப்போது நேசித்தார். எழுந்து வெளிச்சத்துக்கடியில் போய் நின்று இரண்டு கைகளையும் தூக்கினார்.

ஒரு தலை குனிந்தது. கண்ணாடி. நரைத்த மீசை. காலையில் கண்ணாடியில் பார்த்துச் சவரம் செய்த முகம். டார்ச் வெளிச்சம் அவர் கண்ணைக் கூசச் செய்தது. கைகளில் விழுந்தது. முகத்தில் நின்றது. நகர்ந்து சுவருக்குப் போனது.

"காலிதான்" என்றது அந்த முகம். "மூடு."

வெங்கடநாராயணன் ஏணிப்படியில் ஏறினார். மூடி நகர்ந்தது. வெளிச்சம் பிறையாகி, கோடாகி, இல்லாமல் போனது. ஸ்பேனர் ஒவ்வொரு நட்டாக இறுக்கியது. பிறகு பம்ப் உறுமியது. கீழே, இருட்டில், தண்ணீர் விழத் தொடங்கியது.

அடித்தார். இரண்டு கைகளாலும் மூடியை அடித்தார். பெயர்களைச் சொல்லிக் கத்தினார். மருதமுத்து. இஸ்மாயில் பாய். பாகீரதி. மகள் மதுவந்தியின் பெயர். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது. எலும்பு வரை குளிர்ந்தது. கைகள் மரத்துப்போயின. இனி தூக்க முடியவில்லை. இரண்டையும் மார்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டார்.

மூடியில் தட்டும் சத்தம் நிற்கவில்லை.

அவர் முகத்தை உரசிக்கொண்டு, இடமும் வலமும், ஈரமான கைகள் தட்டிக்கொண்டிருந்தன. சீராக. அவசரமில்லாமல். அவற்றில் ஒன்று நின்றது. தடவித்தடவி அவர் மணிக்கட்டைக் கண்டுபிடித்தது. மெல்ல அவர் கையைத் தூக்கி, மூடியில் தன் கைக்குப் பக்கத்தில் வைத்தது.