சேரக் கூடாது

மழைக்கு ஒதுங்கியவன் ஐஸ் ஃபேக்டரி வாசலில் சிதறிக் கிடந்த ஐஸில் வழுக்கி விழுந்தான். கட்டி இழுத்துக்கொண்டிருந்த முதலாளியின் மகள் சிரித்துவிட்டாள்.

"பார்த்து சார்... இங்க தரைகூடக் காலை வாரிவிடும்."

கை கொடுத்துத் தூக்கினாள். ஐஸ் கட்டிகளை இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கை. அவன் விரல் பட்டதும் எங்கோ சூடு உறைத்தது. நனைந்த இமைகளுக்குள் அந்தக் கண்கள்... அவள்தான் முதலில் பார்வையைத் திருப்பினாள்.

"நான் அரசாங்க அதிகாரி. இந்த ஃபேக்டரியை விக்கிறதைப் பத்தி விசாரிக்க நாளைக்கு வர வேண்டியவன். மழை இன்னைக்கே தள்ளிவிட்டுருச்சு."

அவள் சிரிப்பு நின்றது. அப்பாவின் இயந்திரங்கள் கிழடாகிவிட்டன. வாங்க முன்வந்தது ஊரில் இருந்த இன்னொரு ஐஸ் கம்பெனி, அந்தப் பெரிய கம்பெனி மட்டும்தான். சுமைக்காரர்கள் அத்தனை பேருக்கும் வேலை தருவதாகவும் சொல்லியிருந்தது.

"அவங்க வாங்கிட்டா போட்டியே இருக்காது. விலையை ஏத்துவாங்க. அதான்..."

"ஏத்தினா இன்னொருத்தன் வந்து கம்மியா விப்பான். திருட்டு, ஏமாத்து நடந்தா வாங்க. அப்பா மனசார விக்கிறாரு, அவங்க மனசார வாங்குறாங்க. நடுவுல நீங்க யாரு?"

அவன் மழையோடு கிளம்பிப் போனான். ஆனால் விசாரணை என்று திரும்பத் திரும்ப வந்தான்.

"அளவு எடுக்குறது ஃபேக்டரியையா, உன்னையா பாப்பா?" சுமைக்காரர்களின் மேஸ்திரி கண்ணடித்தார். "நமக்கே ஐஸ் வைக்கிறாரு!"

அவள் முறைத்தாள்... உள்ளுக்குள் உருகினாள்.

பிறகு அவன் எழுதிய உத்தரவு வந்தது. இரண்டு நிறுவனங்களும் சேரக் கூடாது.

வேறு யாரும் வாங்க வரவில்லை. மோட்டார்கள் நின்றன. மேஸ்திரி ஐஸ் இழுக்கும் கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். கடைசிக் கட்டிகள் உருகிச் சாக்கடையில் ஓடின.

அன்றைக்கும் மழை. அவன் வாசலிலேயே நின்றான்.

"இப்பவும் ஊர்ல ஒரே கம்பெனிதான்," என்றாள். "எதைத் தடுத்தீங்க?"

"தெரியல... உன்னைப் பார்த்து மனசு இளகிட்டேன்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு, இன்னும் கறாரா எழுதினேன்." ஒரு படி ஏறினான். "உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும்."

உள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது. "நம்மளைச் சேரவிடாதவன்கூட நீ சேரப் போறியாம்மா?"

"எனக்கும் இவரைப் பிடிக்கும்ப்பா," என்றாள், இருவருக்கும் கேட்கும்படி. "விழுந்த அன்னைக்கே பிடிச்சுப்போச்சு."

அவன் முகம் நிமிர்ந்தது.

"ஆனா உத்தரவு உங்களோடதுதானே சார்... சேரக் கூடாது."

கதவை இழுத்து மூடினாள். வாசலில் இப்போது ஐஸ் இல்லை. அவன் வழுக்காமல் இறங்கி, மழைக்குள் நடந்தான்.