பனியன் துணி

முந்தின நாள் காயப்போட்ட பனியன் துணி காய்ந்துதான் இருந்தது. நடுவில் ஓர் இடம் மட்டும் ஈரம். குணசுந்தரி தொட்டுப் பார்த்தாள். மூச்சு பட்டதுபோல வெதுவெதுப்பாக இருந்தது.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு பீப்பாய்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. ஷிஃப்டு முடிந்ததும் எல்லாரும் டர்பென்டைனில் பனியன் துணியை நனைத்துக் கை துடைப்பார்கள். துடைத்த கை கொஞ்ச நேரம் வெளுத்துத் தெரியும். அந்த வெளுப்பைப் பார்த்துத்தான் அவளுக்குப் புத்தி கெட்டது. கன்னம் இரண்டிலும் மங்கு படர்ந்திருந்தது. "மூஞ்செல்லாம் கறுத்துக்கினே வருதே குணா" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டு பம்பாய்க்கு வேலைக்குப் போன அவள் புருஷன் வரதன், எட்டு மாதம் கழித்து இந்தச் சனிக்கிழமை வருகிறான். ஆரம்பாக்கத்து வீட்டில் அவளுக்குப் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. இந்த முறை அவனைத் திரும்பப் போகவிடக் கூடாது.

டர்பென்டைனைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனதை, கூட வேலை செய்யும் ஆரோக்கியமேரி பார்த்துவிட்டாள்.

"அது பெயிண்ட எடுக்கறதுடி. மூஞ்சில எடுக்க இன்னா கீது?"

"மங்கு கீதுக்கா."

"மங்கோட நிக்குமா?"

ஆசை யாரை விட்டது. தேங்காயெண்ணெயில் கலந்து தடவினாள். முதல் நாள் எரிச்சலில் உயிர் போனது. மூன்றாம் நாள் தோல் உரிந்தது. ஐந்தாம் நாள் எரியவேயில்லை, அதில் அவளுக்குச் சந்தோஷம்தான். துடைத்த துணியில் மாநிறமாக ஒரு கறை. சோப்பு போட்டுக் கசக்கியும் போகவில்லை. மறுநாள் கறையில் புருவம் தெரிந்தது.

சனிக்கிழமை பொழுது சாய்ந்தது. கரண்டு இல்லை. வயல் தவளைகளின் சத்தமும், தூரத்தில் ரயில் நின்று கிளம்பும் சத்தமும், கொதித்ததும் அடுப்பை அணைத்து வைத்த மீன்குழம்பின் வாசனையையும் மீறி மூக்கிலேறிய டர்பென்டைன் நெடியும் அந்த ஒற்றை அறையில் அடைந்து கிடந்தன. பற்றிக்கொள்ளும் என்று விளக்கை ஏற்றவில்லை. கடைசியாக ஒருதரம் அழுத்தித் துடைத்தாள்.

துணி கனத்தது. கொடியில் போட்டாள்.

கன்னத்தைத் தடவினாள். வழவழப்பு. மூக்கைத் தேடினாள். வழவழப்பு. உதட்டை.

இல்லை.

வாசலில் செருப்புச் சத்தம்.

"குணா."

இதோ வந்துட்டேன் என்று சொல்லப் பார்த்தாள். திறக்க ஒன்றுமில்லை.

"வா மாமா. எம்மா நாளாச்சு."

அவள் குரல்தான். கொடியிலிருந்து வந்தது.

வரதன் பையை இறக்கினான். சுவரோடு ஒட்டி நின்றவளைத் தாண்டி நேராகக் கொடிக்குப் போனான். துணியை இரண்டு கையாலும் ஏந்தினான்.

"இன்னா குணா, பளபளன்னு கீற."

துணி சிரித்தது. அவன் தோளில் சாய்ந்து, அவளையே பார்த்தது.