தலையணைக்கு முடி வெட்டிய நாடகம்

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை, மாலை நான்கு இருபது. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த சலூனில் மூன்று நாற்காலிகளில் இரண்டு காலியாக இருந்தன.

மூலையில் ஒரு பத்து வயதுப் பெண் துவைத்த துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஓயாமல் பேசுவதால் அவளுக்குச் சில்வண்டு என்று பெயர். சலூன் அவளுடைய அப்பாவுடையது.

கதவு திறந்தது. வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் பம்பரம் உள்ளே வந்தான். ஓரிடத்தில் நிற்காமல் சுழன்றுகொண்டே இருப்பவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? அவனுக்குப் பின்னால் அவனுடைய அப்பா, லிஃப்ட் மெக்கானிக், வந்தார். மூன்று வருடங்களுக்கு முன் தூரத்து நாடு ஒன்றிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். நல்ல கறுப்பு நிறம். சீப்பு நுழையாத அடர்ந்த சுருட்டை முடி.

"ரெண்டு பேருக்கும் வெட்டணும்," என்றார் மெக்கானிக்.

சில்வண்டின் அப்பா நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையிலிருந்த சீப்பைத் துடைக்க ஆரம்பித்தார். "இன்னைக்கு ஆள் நிறைய. இன்னொரு நாள் பாப்போம்."

மெக்கானிக் காலி நாற்காலிகளைப் பார்த்தார். பம்பரம் சில்வண்டைப் பார்த்தான். சில்வண்டு துண்டைப் பார்த்தாள்.

வெளியே போனதும் பம்பரம் ஷூ லேசைக் கட்டக் குனிந்தான். அதற்குள் வேறு ஒருவர் கடைக்குள் நுழைந்தார். "வாங்க சார், உக்காருங்க!" என்று அப்பா நாற்காலியைத் தட்டித் துடைத்தார். கண்ணாடிக் கதவு வழியாகப் பம்பரம் எல்லாவற்றையும் பார்த்தான்.

திங்கட்கிழமை அவன் பையைத் தூக்கிக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டான்.

"ஏன்டா அங்க போறே?" என்று கேட்டாள் சில்வண்டு.

"உன் பெஞ்சுல ஆள் நிறைய," என்றான்.

அந்த பெஞ்சில் அவள் ஒருத்திதான் இருந்தாள். சில்வண்டுக்குப் பேச்சு வரவில்லை. அவளைத் தெரிந்த யாரிடம் சொன்னாலும் இதை நம்ப மாட்டார்கள்.

அப்பாவிடம் நேராகக் கேட்டுவிடலாம். ஆனால் "பெரியவங்க விஷயத்துல மூக்கை நுழைக்காதே" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். வேறு வழி வேண்டும்.

அப்போதுதான் வீட்டுப்பாடம் நினைவுக்கு வந்தது. வாரம் ஒரு நாள் வீட்டில் மூன்று நிமிட நாடகம் போட வேண்டும், முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று நாடக டீச்சர் சொல்லியிருந்தார். யாருக்கு எந்த வேடம் என்பது சீட்டுக் குலுக்கலில் முடிவாகும். போன வாரம் அண்ணன் அம்மாவாகவும், பஸ் ஓட்டுநரான அம்மா அண்ணனாகவும் நடித்தார்கள். அம்மா ஈரத் துண்டைக் கட்டிலில் வீசிய வீச்சைப் பார்த்து அண்ணன் நெளிந்துபோனான். அன்றிலிருந்து துண்டு கொடியில்தான் காய்கிறது.

இந்த வாரம் கதை ஒரு சலூனில் நடக்கும். அப்பாவுக்கு வாடிக்கையாளர் வேடம் விழ வேண்டும். ஆனால் சீட்டு யார் பேச்சைக் கேட்கும்? சில்வண்டு நான்கு சீட்டிலும் 'வாடிக்கையாளர்' என்றே எழுதினாள். அப்பா ஒன்றை எடுத்த உடனே டப்பாவைப் பிடுங்கிக்கொள்வது என்பது அவள் திட்டம்.

புதன்கிழமை மாலை கூடத்தின் நடுவே ஒரு நாற்காலியைப் போட்டு, டப்பாவை நீட்டினாள். அப்பா கையை நீட்டுவதற்குள் அம்மாவும் அண்ணனும் ஆளுக்கொன்றாக எடுத்துவிட்டார்கள்.

"நான் வாடிக்கையாளர்," என்றார் அம்மா.

"நானும்," என்றான் அண்ணன்.

"நானுமா?" என்றார் அப்பா, மூன்றாவது சீட்டைப் பிரித்து.

அண்ணன் நான்காவது சீட்டையும் பிரித்தான். குட்டு வெளிப்பட்டது. "அடிப்பாவி! இது குலுக்கல் இல்ல, கள்ள ஓட்டு!"

"சரி விடுடா," என்று அம்மா சிரித்தார். "மூணு பேரும் முடி வெட்டிக்க வர்றோம். கடைக்காரி நீ. ஆரம்பி."

சில்வண்டு தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு சீப்பைத் துடைத்தாள். முதலில் அம்மா வந்தார்.

"இன்னைக்கு ஆள் நிறைய. இன்னொரு நாள் பாப்போம்," என்றாள் சில்வண்டு.

அடுத்து அண்ணன். அவனுக்கும் அதே பதில். "என்ன கடை இது, வர்றவங்களை விரட்டுறதுக்கா கதவு வெச்சிருக்கே?" என்று அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான்.

மூன்றாவதாக அப்பா மீசையை முறுக்கிக்கொண்டு வந்தார். "தங்கச்சி, ஒரு கட்டிங்!"

சில்வண்டு நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சீப்பைத் துடைத்தாள். "இன்னைக்கு ஆள் நிறைய."

"நாற்காலி காலியாத்தானே இருக்கு?"

அவள் சோபாவிலிருந்த தலையணையைத் தூக்கி வந்தாள். "வாங்க சார், உக்காருங்க!" என்று நாற்காலியைத் தட்டித் துடைத்து அதை உட்கார வைத்தாள். கழுத்தில் துண்டைக் கட்டி, 'கிரிச் கிரிச்' என்று வெட்ட ஆரம்பித்தாள்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "தலையணைக்கு முடியே இல்ல! அதுக்கு இடம் இருக்கு, அப்பாவுக்கு இல்லையா?"

அப்பா சிரிக்கவில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"பம்பரம் கண்ணாடி வழியா பாத்துட்டான்பா," என்றாள் சில்வண்டு. "இப்ப என்கூட உக்கார மாட்டேங்கறான்."

சனிக்கிழமை நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள்.

"அந்த முடி எனக்கு வெட்டிப் பழக்கமில்ல," என்றார் அப்பா, சற்று உரக்க. "கெடுத்துட்டா யார் பேச்சு வாங்கறது?"

"தெரியாதுன்னு சொல்லியிருந்தா சரி," என்றார் அம்மா. "ஆள் நிறையன்னு எதுக்குச் சொன்னீங்க?"

அப்பா தலையணையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் குரல் இறங்கியது. "மத்த வாடிக்கைக்காரங்க என்ன நினைப்பாங்களோன்னு… அவங்களைப் பாத்து யாராவது முகம் சுளிச்சா?"

"என் பஸ்ல ஏர்றவங்க முகத்தைப் பாத்து நான் கதவை மூடினா எப்படி இருக்கும்?" என்றார் அம்மா. "நிறத்தை வெச்சு ஆளைப் பிரிக்கறதுக்கு நல்ல காரணம்னு ஒண்ணு கிடையாதுங்க."

"நானும் தப்புப் பண்ணேன்," என்றாள் சில்வண்டு. "அவன் என்னைப் பாத்தப்போ நான் துண்டைப் பாத்தேன்."

அப்பா எழுந்தார். அவள் தோளிலிருந்த துண்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். "இன்னொரு தடவை போடலாம். இப்ப நான் கடைக்காரன்."

முதல் முறை, "வாங்க வாங்க, உங்களுக்கு இலவசம்!" என்றார். "கல்யாண வீடா இது? மத்தவங்ககிட்ட சொல்ற மாதிரி சொல்லுங்க," என்றான் அண்ணன். இரண்டாம் முறை மன்னிப்பை மென்று முழுங்கினார். மூன்றாம் முறைதான் சரியாக வந்தது.

மறுநாள் மாலை அவரும் சில்வண்டும் மெக்கானிக் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

"சனிக்கிழமை கடைக்கு வாங்க," என்றார் அப்பா.

"ஆள் நிறைய இருக்குமே?" என்றார் மெக்கானிக். கதவை அவர் பாதிதான் திறந்திருந்தார்.

"அன்னைக்கு ஆள் இல்லை. பொய் சொன்னேன். தப்பு. உங்க முடி எனக்குப் பழக்கமில்ல. சொல்லிக் கொடுத்தா கத்துக்கறேன்."

சில்வண்டு கதவின் இடுக்கில் எட்டிப் பார்த்தாள். உள்ளே பம்பரம் நின்றுகொண்டிருந்தான். "நான் அன்னைக்கு வாயைத் திறந்திருக்கணும்டா," என்றாள்.

பம்பரம் உள்ளறைக்குப் போய்விட்டான். மெக்கானிக் மட்டும், "பாக்கலாம்," என்றார்.

சனிக்கிழமை கடை நிரம்பி வழிந்தது. மூன்றரை மணிக்கு மெக்கானிக் மகனுடன் வந்தார். கையில் அகலப் பல் சீப்பு ஒன்று. இருவரும் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். முறை வந்ததும் அப்பா நாற்காலியைத் தட்டித் துடைத்தார்.

"தண்ணி தெளிக்காதீங்க," என்றார் மெக்கானிக். "ஈரத்துல நீளமாத் தெரியும். காஞ்சதும் மேல ஏறிடும்."

"ஓஹோ! நல்லவேளை சொன்னீங்க."

வாரம் தவறாமல் வரும் ஒரு வாடிக்கையாளர் நாளிதழைத் தாழ்த்தினார். "என்னப்பா, இவங்களுக்கெல்லாம் இங்க வெட்ட ஆரம்பிச்சுட்டியா?"

கத்தரி நின்றது. கடையே நின்றது. நாடகத்தில் இந்த இடத்துக்கு யாரும் வசனம் ஒத்திகை பார்க்கவில்லை. சில்வண்டு இந்த முறை துண்டைப் பார்க்கவில்லை. எழுந்து நின்றாள்.

"வரிசைல வந்தவங்க எல்லாருக்கும் வெட்டுவோம் மாமா," என்றாள் சத்தமாக.

"என் பொண்ணு சொன்னதுதான் சார் கடை சட்டம்," என்றார் அப்பா. "இது அவர் முறை. அடுத்தது அவர் பையன், அப்புறம் உங்க முறை. பிடிக்கலைன்னா கதவு திறந்துதான் இருக்கு."

வாடிக்கையாளர் கதவைப் பார்த்தார், கடையைப் பார்த்தார். பிறகு நாளிதழை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். அதை முதலில் கவனித்தவன் பம்பரம். அவன் சில்வண்டைப் பார்த்தான். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

பம்பரம் நாற்காலியில் ஏறியதும் அப்பா பாடுபட்டார். "டேய், ஒரு நிமிஷம் ஆடாம இருடா, காதை வெட்டிடப் போறேன்!"

அன்று கடையில் பத்தொன்பது பேருக்கு முடி வெட்டப்பட்டது. திங்கட்கிழமை காலை பம்பரம் கடைசி பெஞ்சிலிருந்து பையை எடுத்துக்கொண்டு வந்து, சில்வண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.