நாலு இழுப்பு

கயிறு ஈரமாக இருந்தது.

தூக்கக் கலக்கத்தில்தான் எஸ்கிலுக்கு அது உறைத்தது. மணிக்கட்டில் கட்டியிருந்த கயிற்றிலிருந்து குளிர்ந்த சொட்டு ஒன்று உள்ளங்கைக்குள் ஓடி விரலிடுக்கில் தேங்கியது. கயிறு கட்டிலை விட்டு இறங்கி, கதவின் அடியில் நுழைந்து, தாழ்வாரத்தின் மறுகோடியில் ஹால்வோர் மாஸ்டரின் அறைச் சுவரில் இருக்கும் வளையத்துக்குப் போகிறது. வழி முழுக்கக் காய்ந்த பலகைத் தரை. இரண்டு அறையிலும் கணப்பு எரிகிறது. ஈரத்துக்கு அங்கே வேலையே இல்லை.

ஒரு இழுப்பு வந்தது. பதிலுக்கு அவனும் ஒருமுறை இழுத்தான். யோசிக்கவில்லை, கை தானாகச் செய்தது.

அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். கடற்படையின் முக்குளிப்புப் பள்ளியில் முதலில் கற்றுத் தருவது நீச்சல் அல்ல, கயிறு. வடக்கு நார்வேயின் கடலடியில் கண்ணும் உதவாது, காதும் உதவாது. கீழே இருப்பவனும் மேலே கயிற்றைப் பிடித்திருப்பவனும் அதைச் சுண்டித்தான் பேசிக்கொள்ள வேண்டும். ஒன்று என்றால் 'நலமா?' திரும்பி வரும் ஒன்று, 'நலம்.' நான்கு என்றால், 'என்னை இழுத்து எடு.' நான்கு வந்துவிட்டால் ஏன், எதற்கு என்ற பேச்சே கிடையாது. அதே நான்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆள் வெளியே வரும்வரை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளங்கைத் தோல் உரிந்தாலும் நிறுத்தக்கூடாது.

கடைசி வாரத்தில், பகலோ ராத்திரியோ எப்போது படுத்தாலும், கயிறு படுக்கைக்கும் வந்துவிடும். மாஸ்டருக்குத் தோன்றும்போதெல்லாம் சுண்டுவார். பதில் வராவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். முடிச்சின் மேல் ஈய முத்திரை இருக்கிறது. அதை உடைத்தாலும் அதே கதி.

"தூங்குடா, நல்லாத் தூங்கு," என்று இன்று மதியம் புது முத்திரையை அழுத்தும்போதே மாஸ்டர் சொல்லியிருந்தார். "நீ தூங்குற அழகைப் பாத்துட்டுத்தான் உன்ன எந்த பஸ்ல ஏத்தறதுன்னு முடிவு பண்ணப் போறேன்."

பக்கத்தில் நின்ற சிக்வே தன் வாரத்தைத் தவறாமல் முடித்திருந்தான்; அவன் முத்திரையை மாஸ்டரே நேற்று வெட்டிவிட்டார். கூடப் படித்தவர்களில் மிச்சம் இருப்பது அவனும் எஸ்கிலும்தான். முக்குளிப்போர் படையில் இருப்பதோ ஒரே இடம்.

"இன்னும் ஒரு ராத்திரிதானே மாஸ்டர், தாங்கிருவான்," என்றான் சிக்வே, இளித்துக்கொண்டே. "இல்லன்னா அவங்க அண்ணன் கொட்டகைல மீன் தலை வெட்டலாம். அதுக்கும் ஆள் வேணுமாம். என்ன எஸ்கில், வெட்டுவியா?"

அண்ணனின் கொட்டகைக்குத் திரும்புவதை எஸ்கிலால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இனி திரும்பி வரமாட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுக் கிளம்பியவன் அவன்.

இப்போது நாக்கு நுனியால் கயிற்றைத் தொட்டுப் பார்த்தான். உப்புக் கரித்தது.

ஜன்னலுக்கு வெளியே இருட்டு. சாயங்காலம்கூட ஆகவில்லை, இந்த மாதத்தில் சூரியன் தலையையே காட்டாது. முற்றத்துக்கு அப்பால் சாப்பாட்டுக்கூடத்தில் மட்டும் விளக்கு எரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஹால்வோர் மாஸ்டர் உட்கார்ந்து வாஃபிள் தின்றுகொண்டிருந்தார். எதிரே சிக்வே. இருவர் கையிலும் காப்பிக் குவளை.

கயிறு மறுபடியும் ஒருமுறை இழுத்தது.

மாஸ்டரின் இரண்டு கைகளும் மேஜை மேலே இருந்தன. ஆனாலும் எஸ்கில் பதில் கொடுத்தான். கொடுத்த பிறகுதான் கோபம் வந்தது. சிக்வே! மறுமுனையை அவிழ்த்து ஏதாவது படகில் கட்டியிருப்பான், திருட்டுப் பயல். அலைக்குப் படகு ஆடும், கயிறு சுண்டும், இவன் முட்டாள் மாதிரி பதில் சொல்லிக்கொண்டிருப்பான். கடைசியில் வெறுத்துப்போய் முத்திரையை உடைத்தால் இடம் சிக்வேக்கு.

உடைக்கப் போவதில்லை. முனையைக் கண்டுபிடித்து வளையத்திலேயே திரும்பக் கட்டிவிட்டு வந்து படுத்துக்கொள்ளலாம். பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

தாழ்வாரத்தில் கயிற்றை இடது கையில் வளையம் வளையமாகச் சேர்த்துக்கொண்டே நடந்தான். தொய்வு விடக்கூடாது என்பது இன்னொரு பாடம். போகப் போகக் கயிறு கனத்தது, வழுக்கியது. ரப்பர் உடையை நாள் முழுக்கப் போட்டுக் கழற்றும்போது வரும் புழுங்கல் வாடையும் அழுகிய கடற்பாசி வாடையும் கலந்து ஒன்று தரையோடு தரையாக வந்துகொண்டிருந்தது. மாஸ்டரின் அறைக் கதவு திறந்திருந்தது. சுவர் வளையம் காலி. கயிறு அந்த அறைப் பக்கமே திரும்பாமல் நேராக வாசல் கதவின் அடியில் புகுந்து போயிருந்தது.

வெளியே பனி. அதன் மேல் கயிறு இழுபட்ட தடம் மட்டும் ஒற்றைக் கோடாகத் தெரிந்தது. பக்கத்தில் சிக்வேயின் காலடி இருக்கும் என்று குனிந்து தேடினான். யாருடைய காலடியும் இல்லை.

கோடு படகுத்துறையில் போய் முடிந்தது. படகுகள் எல்லாவற்றையும் போன வாரமே கரையேற்றிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். கயிறு துறையின் விளிம்பைத் தாண்டி, இரும்பு ஏணியை ஒட்டி, நேர்க்குத்தாகத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. காற்று அடித்தது, அலை ஏணியில் மோதியது. கயிறு மட்டும் ஆடவில்லை.

கீழே யாரோ இருக்கிறார்கள் என்றால் மூச்சுக் குமிழி வர வேண்டும். குனிந்து பார்த்தான். வரவில்லை.

ஏன் அப்படிச் செய்தான் என்று தெரியவில்லை. ஒருமுறை இழுத்தான். நலமா?

உடனே பதில் வந்தது. ஒன்று.

நலம்.

கையிலிருந்த வளையங்களைக் கீழே போட்டான். அவை சரசரவென்று ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீருக்குள் போயின. மணிக்கட்டு வெடுக்கென்று முன்னால் போனது. உறைபனியில் கால் வழுக்கி முழங்கால் பலகையில் இடித்தது. படகைக் கட்டும் கட்டுத்தறியை இடது கையால் கட்டிக்கொண்டான். பல்லால் முத்திரையைக் கடித்தான். ஈயம் பிய்ந்து வந்தது. இடம் போயிற்று, போகட்டும், மீன் தலையே வெட்டுகிறேன். ஆனால் முடிச்சு ஊறி இறுகியிருந்தது. நகம் ஏறவில்லை.

"மாஸ்டர்! சிக்வே! டேய்! வாங்கடா!"

சாப்பாட்டுக்கூடத்து ஜன்னலில் ஒரு தலை திரும்பியது. சிக்வே. துறை விளக்கின் கீழே ஒரு கையை நீட்டிக்கொண்டு மண்டியிட்டிருந்தவனைப் பார்த்துச் சிரித்தான். பாதி வாஃபிளை உயர்த்தி ஆட்டிவிட்டு, மாஸ்டரிடம் ஏதோ சொல்லத் திரும்பிக்கொண்டான்.

தோள் மூட்டு கழன்றுவிடும் போல இருந்தது. மூச்சு திணறியது. திணறினால் என்ன செய்ய வேண்டும் என்று கைக்குத் தெரியும். மாதக்கணக்காகத் தெரியும்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

இழுத்து முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்பது புரிந்தது.

கயிறு தளர்ந்தது. அலைகூட ஓய்ந்த மாதிரி இருந்தது. இல்லை, இல்லை, தப்பாகக் கொடுத்துவிட்டேன் என்று வாய்விட்டே சொன்னான். கயிற்றில் அதைச் சொல்லச் சைகை எதுவும் கற்றுத் தரவில்லை.

கீழிருந்து பதில் வந்தது. நிதானமாக. தெளிவாக.

நான்கு.

பிறகு இழுக்கத் தொடங்கியது. வெடுக்கென்று அல்ல. ஆபத்தில் இருப்பவனை நோகாமல் எடுக்கும் இழுப்பு. கட்டுத்தறியிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாக வழுக்கின. நெஞ்சு பலகையில் தேய்ந்தது. முகம் விளிம்பைத் தாண்டியது.

தண்ணீருக்கு ஒரு முழம் கீழே இரண்டு கைகள். வெளுத்து ஊறிய கைகள். உள்ளங்கையில் தோலே இல்லை. ஒன்று மாற்றி ஒன்று, ஒன்று மாற்றி ஒன்று. கொஞ்சமும் தொய்வு விடாமல், ஏன் எதற்கு என்று கேட்காமல், இழுத்துக்கொண்டே இருந்தன.